மேற்கே இருட்டினால் எந்த வண்டியில் போவது?

இடிமழை பார்க்கப் போக மஹிந்திரா தார் ஜீப் வாங்கலாமா, மாருதி ஜிம்னி ஜீப் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள். அமெரிக்காவில் ஓக்லஹோமாவிலும் கான்சாஸிலும் டொர்னேடோ என்ற சுழல்காற்றுக்குப் பின்னால் ஓடும் வண்டிகளை யூடியூபில் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுடைய ஆர்வம் எனக்கு ரொம்பவே பிடிக்கும். வானத்தை அண்ணாந்து பார்க்கிற ஆட்கள் இந்த ஊரில் கூடிக்கொண்டே போவது நல்ல விஷயம். ஆனால் வண்டி என்று வந்தால் என் பதில் எப்போதும் ஒன்றுதான். சென்னையிலிருந்து கிளம்பி மேகம் பார்க்கிறவருக்குப் பெரிய ஜீப் தேவையில்லை. கண்ணாடி பெரிதாக இருக்க வேண்டும், உயரமாக உட்கார வேண்டும், குறுகலான ரோட்டில் சட்டென்று திரும்ப வேண்டும், எந்தக் கிராமத்திலும் ரிப்பேர் பார்க்க ஆள் கிடைக்க வேண்டும். நான் ஓட்டுவது 2019 மாடல் வேகன் ஆர், 1.2 லிட்டர் பெட்ரோல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

என் வீடு அம்பத்தூரில். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சனி, ஞாயிறு மதியம் ஆனால் என் கண் மேற்கே போய்விடும். காலேஜ் படிக்கும் மகள்தான் கூட வருவாள். நான் ஓட்டுவேன், அவள் மொபைலில் ரேடார் பார்ப்பாள். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்யக் கூடாது என்பது நாங்கள் போட்டுக்கொண்ட முதல் சட்டம். வண்டியில் எத்தனை வசதி இருந்தாலும் பக்கத்து சீட்டில் ஒரு ஆள் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

எந்த வண்டி என்று பேசுவதற்கு முன்னால் எந்த மேகம் என்று பேசியாக வேண்டும். நம் கோடை இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. மதியம் நிலம் நன்றாகக் காய்ந்த பிறகு கடல்காற்று உள்ளே நுழையும். ஈரமான அந்தக் காற்று உள்நாட்டுச் சூட்டுக் காற்றோடு மோதும் இடத்தில், திருத்தணி, ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆந்திர எல்லை மலைகள் பக்கமாக, நாலு நாலரைக்கு வெள்ளையாக ஒரு கோபுரம் எழும்பும். மேல்காற்று மேற்கிலிருந்து அடிக்கும் நாளாக இருந்தால் அது மெதுவாக சென்னையை நோக்கி நகரும். இருட்டிய பிறகு நகரத்துக்கு வந்து சேரும். செய்தியில் வெப்பச் சலன மழை என்று சொல்வது இதைத்தான்.

இந்த மேகங்கள் பெரும்பாலும் டவுன் பஸ் வேகத்தில்தான் வருகின்றன. அதனால் துரத்துவது என்ற பேச்சுக்கே இங்கே பெரிய இடம் இல்லை. முன்னால் போய், திறந்த வானம் உள்ள இடமாகப் பார்த்து, அது வரும்வரை காத்திருக்க வேண்டும். பூண்டி ஏரிப் பக்கம், காவேரிப்பாக்கம் ஏரியை ஒட்டிய நெடுஞ்சாலை, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகும் வெளிவட்டச் சாலை எல்லாம் இதற்கு அருமையான இடங்கள். அம்பத்தூர் வழியாக மேற்கே போகும் சி.டி.எச். ரோட்டில் ஆவடி தாண்டி, திருவள்ளூர் தாண்டி, கட்டிடங்கள் குறையக் குறைய வானம் பெரிதாகிக்கொண்டே போகும். இப்படிக் காத்திருக்கிற வேலைக்கு குதிரைத் திறன் எதற்கு? மணிக்கு 150 கிலோமீட்டர் பிடிக்கிற வண்டி எதற்கு?

அமெரிக்காவில் தேவை வேறு. அங்கே ஒரே நாளில் மாநிலம் விட்டு மாநிலம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும். கிரிக்கெட் பந்து அளவு ஆலங்கட்டி விழும். அதனால் முன் கண்ணாடிக்கு மேல் கம்பி வலை பொருத்துகிறார்கள். ரீட் டிம்மர் என்பவர் டாமினேட்டர் என்று கவசம் போர்த்திய வண்டிகளே செய்தார். ஷான் கேசி என்ற படப்பிடிப்பாளர் டொர்னேடோவுக்கு உள்ளிருந்தே படம் எடுக்க வேண்டும் என்று ஃபோர்டு எஃப்-450 டிரக்கின் மேல் இரும்புத் தகடு போர்த்தினார். பார்க்கப் பிரமிப்பாக இருக்கும். ஆனால் அங்கேயும் வண்டி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே உருவான டொர்னேடோ 2.6 மைல் அகலம், அதாவது நாலு கிலோமீட்டருக்கும் மேல். டொர்னேடோ ஆராய்ச்சியில் மிக மதிக்கப்பட்ட டிம் சமாரஸ், அவர் மகன் பால், உடன் பணியாற்றிய கார்ல் யங் மூவரும் அன்றைக்கு இறந்தார்கள். அவர்கள் போனது செவர்லே கோபால்ட் என்ற சாதாரண கார். அதே டொர்னேடோ ஒரு தொலைக்காட்சிக் குழுவின் பெரிய எஸ்.யூ.வி.யையும் தூக்கி வயலில் வீசியது. அதிலிருந்தவர்கள் பிழைத்தார்கள். அந்த நாளைப் பற்றிப் படித்ததிலிருந்து, எந்த வண்டி என்பதற்கு முன்னால் எங்கே நிற்கிறோம், எந்த வழியாக வெளியே போவோம் என்பதைத்தான் முதலில் யோசிக்கிறேன்.

நம் ஊரில் ஆளைக் கொல்வது தண்ணீரும் மின்னலும் மரமும்தான். முதலில் தண்ணீர்.

ஜீப் வாங்கச் சொல்கிறவர்கள் சொல்லும் காரணமே இதுதான். தாரின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே உள்ள உயரம், 226 மில்லிமீட்டர், 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டுக்கே 550 மில்லிமீட்டர் என்று விளம்பரம் செய்தார்கள். என் வேகன் ஆரின் கிளியரன்ஸ் 165. இந்தக் கணக்கைப் பார்த்தால் ஜீப்தான் சரி என்று தோன்றும். ஆனால் அந்த 650 என்பது தேங்கி நிற்கும் தண்ணீரில், அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த தரையில், மெதுவாக ஓட்டும்போது. வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ முழங்கால் தண்ணீருக்கு அடியில் மழைநீர் வடிகால் மூடி திறந்திருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? ஓடுகிற தண்ணீரோ இன்னும் மோசம். ஓர் அடி ஆழத்தில் வேகமாக ஓடும் வெள்ளம் சின்ன கார்களை நகர்த்திவிடும், இரண்டு அடி இருந்தால் எஸ்.யூ.வி.களையும் டிரக்குகளையும் அடித்துக்கொண்டு போகும் என்று அமெரிக்க தேசிய வானிலை சேவை சொல்கிறது. வண்டி உயரமாக இருந்தாலும் மிதக்கத் தொடங்கிவிட்டால் டயருக்குப் பிடிப்பு கிடையாது. நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போனால்கூட தரையைத் தொடாத டயர் என்ன செய்யும்?

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. உயரமான வண்டி தைரியம் கொடுக்கும். கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். வேகன் ஆரில் வந்தவர் யோசிக்காமல் திருப்பிக்கொண்டு போவார். ஜீப்பில் வந்தவர் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார். எதிர்ப்பக்கம் ஒரு டிராக்டர் இறங்கி வந்தால் இவரும் இறங்கிவிடுவார். பூண்டியில் உபரி நீர் திறந்தால் கீழே தரைப்பாலங்கள் எவ்வளவு சீக்கிரம் மூழ்கும் என்பது திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ரயில்வே கேட்டை எடுத்துவிட்டுக் கட்டிய சுரங்கப்பாதைகளும் அப்படித்தான். வெயில் காலத்தில் சுலபமான வழியாகத் தெரியும், ஒரு மணி நேர மழையில் குளமாகிவிடும். நகரத்துக்குள் துரைசாமி சப்வே, கணேசபுரம் சப்வே எல்லாம் மழை நாளில் எங்கள் வரைபடத்திலேயே இல்லை. சாலையின் வெள்ளைக் கோடு தண்ணீருக்குள் மறைந்துவிட்டால் நாங்கள் அங்கேயே திரும்பிவிடுவோம். இந்தப் பழக்கத்துக்குச் சின்ன வண்டி ஒத்துழைக்கிறது.

இந்த ஒத்துழைப்பில் பெரிய பங்கு திரும்பும் வட்டத்துக்கு. வேகன் ஆரின் டர்னிங் ரேடியஸ் 4.7 மீட்டர். ஏரிக்கரையை ஒட்டிப் போகும் ஒற்றை வழி ரோட்டில், இரண்டு பக்கமும் சரிவு, முன்னால் மரம் விழுந்து கிடக்கிறது, பின்னால் மழைச்சுவர் வந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். அங்கே முன்னும் பின்னும் எடுத்து எடுத்துத் திருப்பிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. வண்டி வாங்கப் போனபோது எல்லா வண்டியையும் ஒரு குறுகலான தெருவில் திருப்பிப் பார்த்தேன். விற்பவர்கள் மைலேஜ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் கண்ணாடி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. மேகம் பார்க்கப் போகிற வண்டியில் மேகம் தெரிய வேண்டாமா? இப்போது வருகிற பல வண்டிகளில் பக்கக் கண்ணாடி பின்னால் போகப் போகக் குறுகிவிடுகிறது. முன் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இருக்கும் தூண்கள் தடித்துவிட்டன. கவிழ்ந்தால் தாங்க வேண்டும் என்பதற்காகச் செய்தது, அந்தக் காரணம் நியாயமானது. ஆனால் வளைவில் அந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு பைக்கே மறைந்துவிடும். ஈக்கோஸ்போர்ட்டை நான் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் தூணும், பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியும்தான். மற்றபடி தண்ணீருக்கும் மோசமான ரோட்டுக்கும் அது நல்ல வண்டி. வேகன் ஆரில் கண்ணாடி செங்குத்தாக, அகலமாக இருக்கிறது. சீட்டும் உயரம். டிரைவர் சீட்டிலிருந்து குனியாமலே இடிமேகத்தின் அடிப்பகுதியிலிருந்து உச்சி பரவும் இடம் வரை பார்க்கலாம். என் மகள் பின் சீட்டுக்கு மாறி மூன்று பக்கமும் படம் எடுப்பாள். கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் முதலில் உரித்துவிடுங்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது ஒருபுறம் இருக்கட்டும், மாலை நேரத்து மேகத்தின் நிறத்தையே அது மாற்றிவிடும். இருட்டிய பிறகு மழையில் பக்கத்தில் வரும் சைக்கிள்காரர் தெரிய மாட்டார்.

குறை இல்லாத வண்டி கிடையாது. வேகன் ஆர் லேசான வண்டி, சுமார் 830 கிலோ, மேலே உயரம் வேறு. மழைக்கு முன்னால் மேகத்திலிருந்து குளிர்காற்று கீழே இறங்கிப் பரவும்போது வெளிவட்டச் சாலையின் மேம்பாலத்தில் வண்டி பக்கவாட்டில் தள்ளாடும். அந்தக் காற்று வருவதற்கு முன்பே பாலத்தை விட்டு இறங்கிவிட வேண்டும். இன்னொரு குறை பெரியது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2019இல் இந்த மாடலுக்கு 2 ஸ்டார்தான் கிடைத்தது. நெடுஞ்சாலையில் 70ஐத் தாண்டுவதில்லை என்று நான் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருக்கிறவர்களுக்கு 5 ஸ்டார் வாங்கிய டாடா பஞ்சைப் பார்க்கச் சொல்கிறேன். கிளியரன்ஸ் 187, நீளமும் நாலு மீட்டருக்குள்தான். பின்பக்கப் பார்வை மட்டும் வேகன் ஆர் அளவுக்கு வராது. எனக்கு நாலு லட்சத்துக்கு மேல் செலவு செய்ய வழி இல்லை, அதற்குள் எனக்குக் கண்ணாடிதான் முக்கியம்.

செகண்ட் ஹேண்ட் என்று வந்தால் சென்னையில் ஒரு விஷயத்தை விடவே கூடாது. வண்டி வெள்ளத்தில் நின்றதா? 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் எத்தனை கார்கள் தண்ணீரில் கிடந்தன என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அவற்றில் பல சுத்தமாகக் கழுவி, பாலிஷ் போட்டு, மறுபடி விற்பனைக்கு வந்தன. இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அம்பத்தூர் பக்கம் பாடியில் கடை வைத்திருக்கும் என் மெக்கானிக் பாய். "அக்கா, பெயின்ட்டைப் பாக்காதீங்க, சீட் பெல்ட்டை முழுசா வெளிய இழுங்க" என்றார். சீட் பெல்ட்டின் கடைசி அடியைப் பொதுவாக யாரும் கழுவுவதில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியில் அங்கே சேற்றுக் கறை ஒரு கோடாகத் தெரியும். நான் பார்க்கப் போன ஒரு வெள்ளை வண்டியில் பெல்ட்டின் மேல்பாதி புதிது போல இருந்தது, அடியில் பழுப்புக் கோடு இருந்தது. அதற்கு மேல் அந்த வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை, கிளம்பி வந்துவிட்டோம்.

மற்ற இடங்களையும் பாய் வரிசையாகக் காட்டினார். சீட்டுக்கு அடியில், சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தைப் பிடிக்கும் போல்ட்டில் துரு இருக்கிறதா. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியில் வண்டல் இருக்கிறதா. ஹெட்லைட்டுக்குள் நீராவிக் கறை இருக்கிறதா. தரை விரிப்பை ஓரத்தில் தூக்கி மூக்கால் பாருங்கள். ஏ.சி.யைப் போட்டதும் முதல் காற்றில் ஊறின வாசனை வந்தால் சந்தேகப்படுங்கள். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். மழைக்காகவே வாங்குகிற வண்டியின் வயரிங் ஏற்கெனவே நனைந்திருந்தால், அது எந்த ஏரிக்கரையில் எப்போது நின்றுபோகும் என்று சொல்ல முடியாது.

வாங்கிய பிறகு பாயிடம் பானெட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சின் காற்று இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். எந்த வண்டி வாங்கினாலும் இதைச் செய்யுங்கள். அந்த வாய்க்குள் தண்ணீர் போனால் எஞ்சினுக்குள் போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் வண்டி நின்றுபோனால் சாவியை மறுபடி திருப்பவே கூடாது, டோ பண்ணித்தான் எடுக்க வேண்டும். மறுபடி ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் போனால் சாதாரண முழு இன்ஷூரன்ஸ்கூடப் பணம் தராது. அதற்கு எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாக ஒன்று எடுக்க வேண்டும், பழைய வண்டிக்கு எல்லாக் கம்பெனியும் அதைக் கொடுப்பதில்லை. தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது.

இனி மின்னல். பைக்கில் போகலாமா என்று கேட்கிற பிள்ளைகளிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, வேண்டாம். காரில் நம்மைக் காப்பாற்றுவது ரப்பர் டயர் இல்லை, நம்மைச் சுற்றி இருக்கும் உலோகக் கூடு. மின்னல் அந்தக் கூட்டின் வெளிப்புறம் வழியாக இறங்கித் தரைக்குப் போய்விடும். பைக்கில் அந்தக் கூடு கிடையாது. துணிக் கூரை போட்ட சாஃப்ட் டாப் ஜீப்பிலும் கிடையாது. தார் வாங்கியே தீருவேன் என்பவர்கள் ஹார்ட் டாப்பாக, கூரை இரும்பா பிளாஸ்டிக்கா என்றும் கேட்டு வாங்குங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள், மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் நாங்கள் ஏரிக்கரையில் நிற்பதில்லை. வண்டிக்குள் வந்து, கண்ணாடி நாலையும் ஏற்றி, கதவில் கை வைக்காமல், சார்ஜரிலிருந்து மொபைலைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்போம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் இறங்குவதில்லை. புனேயில் இருக்கும் ஐ.ஐ.டி.எம். நிறுவனம் செய்த தாமினி என்ற செயலி பக்கத்தில் எங்கே மின்னல் விழுகிறது என்று காட்டும், அதையும் மகள் திறந்து வைத்திருப்பாள். மரத்தடியில் வண்டியை நிறுத்துவதே இல்லை. புளியமரம் நிறைந்த பழைய ரோடுகள் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் காற்று இறங்குகிற நேரத்தில் கிளைகள் முறிந்து விழும்.

உள்ளேயிருந்து படம் எடுப்பதால் டாஷ்போர்டில் ஒரு கறுப்புத் துணி விரித்துவிடுவோம். கண்ணாடியில் எதிரொளி விழாமல் இருக்க அதைவிட மலிவான வழி இல்லை. ஜன்னல் ஓரத்தில் கேமராவை வைக்க மணல் நிரப்பிய சின்னப் பை ஒன்று, என் அம்மா தைத்துக் கொடுத்தது.

ரேடார் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் வானிலைத் துறையின் டாப்ளர் ரேடாரும், பள்ளிக்கரணையில் இருக்கும் இன்னொரு ரேடாரும்தான் எங்களுக்குக் கண். "அம்மா, திருத்தணி மேல சிவப்பு வந்துடுச்சு" என்று அவள் சொன்னால் கனமழையைக் காட்டும் அந்தச் சிவப்பு சில நிமிடம் பழையது என்று கணக்கில் வைத்துக்கொள்வேன். படம் நம் மொபைலுக்கு வருவதற்குள் மேகம் நகர்ந்திருக்கும், சில நாளில் இரட்டிப்பாக வளர்ந்தும் இருக்கும். பெரிய திரை வைத்த வண்டி வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது, அந்தப் பணத்தில் ஒரு நல்ல மொபைல் ஸ்டாண்டும் நல்ல டயரும் வாங்குங்கள்.

புயலுக்கு எந்த வண்டி என்றும் கேட்கிறார்கள். வங்கக்கடலில் உருவாகிக் கரையைக் கடக்கும் புயலுக்கு எந்த வண்டியும் வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னை மேலேயே கடந்தது. அன்றைக்கு விழுந்த ஆயிரக்கணக்கான மரங்களில் எது உங்கள் வண்டிமேல் விழும் என்று எந்தக் கருவியும் சொல்லியிருக்காது. புயலின் கண் மேலே வந்தபோது காற்று நின்றது, பலரும் முடிந்துவிட்டது என்று வெளியே வந்தார்கள். பிறகு எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடித்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் ரோட்டில் இருப்பது நமக்கு மட்டும் ஆபத்தில்லை. மீட்பு வேலைக்குப் போகிறவர்களின் வழியையும் அடைக்கிறோம். புயல் நெருங்குவதற்கு முதல் நாள் கோவளத்துக்கோ எண்ணூருக்கோ போய்க் கடலின் நிறத்தையும் மேகப் பட்டைகள் வரிசையாக வருவதையும் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிவிடுவோம். பிறகு வண்டிக்கு ஒரே வேலைதான், மேடான இடத்தில் நிற்பது. 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்களே, அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எஞ்சின் போனால் ஒரு குடும்பத்தின் ஒரு வருடச் சேமிப்பு போய்விடும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

கடைசியாக, எந்த வண்டியாக இருந்தாலும் சீசனுக்கு முன்னால் செய்ய வேண்டியவை. டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டர் ஆழம் மீதி இருக்கும் வரை தேயலாம் என்று சட்டம் சொல்கிறது. நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் ஓரத்தில் தண்ணீர் தேங்கிய இடத்தில் தேய்ந்த டயர் தண்ணீரின் மேல் ஏறி வழுக்கும், அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் பேச்சைக் கேட்காது. வைப்பர் ரப்பர் சென்னை வெயிலில் ஒரு வருடம்கூடத் தாங்குவதில்லை, ஏப்ரலில் புதிது போட்டுவிடுவேன். பின் கண்ணாடிக்கு வைப்பரும், ஆவியைப் போக்கும் டிஃபாகரும் இருக்கிற வேரியன்ட்டாகத் தேடுங்கள், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. கண்ணாடி உள்ளே ஆவி படிந்தால் ஏ.சி.யைப் போடுங்கள், துணியால் துடைத்தால் இன்னும் மங்கலாகும். மழையில் ஓட்டிக்கொண்டே நாலு இண்டிகேட்டரையும் எரிய விடும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. ஹெட்லைட்டை லோ பீமில் வைத்தால் போதும். வண்டியின் நிறமும் வெள்ளையாக இருந்தால் நல்லது, சாம்பல் நிற வண்டி சாம்பல் நிற மழையில் காணாமல் போய்விடுகிறது.

டிக்கியில் கயிறு, டார்ச், டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்ப், இரண்டு குடை, மாற்று உடை, தண்ணீர், கடலை மிட்டாய். டேங்க் 32 லிட்டர், கிளம்பும்போது நிரப்பிவிடுவேன். மழையில் கரன்ட் போனால் கிராமத்து பங்க்கில் பெட்ரோல் போட முடியாமல் போகலாம். இந்த வருடம் பாட்டரியும் முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டியிருக்கிறது. மார்ச் கடைசி வாரத்தில் பாய் நேரம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.